முதலில் கண்டவர் பெயருக்கு விட்ட இடம்

‘நாமதான் முதல்ல’ என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். பக்கத்தில் யாராவது ‘பூஜ்யம்’ என்று சொன்னால் போதும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பூஜ்யத்தை வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். உடனே அவர்களுக்குப் பஸ் வந்துவிடும்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த கனகசபாபதி இந்த இனம்தான், ஆனால் தாராள மனசுக்காரர். காலண்டர் தொழில் அப்படிப் பழக்கியிருந்தது. முருகன் படம் எல்லோருக்கும் ஒன்றே. கீழே காலி இடம் விட்டு மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டால், சாத்தூர் நகைக்கடையோ கொல்லம் மரக்கடையோ, ஆர்டர் கொடுத்தவர் பெயரைப் பிறகு அடித்துக்கொள்ளலாம். முருகன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

2006இல் அவர் மகள் சுகிர்தா, கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள், கணித வரலாறு ஒன்றை எழுதி முடித்தாள். யார் எங்கே தடுமாறினார், எவரிடம் எவர் கற்றார், தப்பான விடை எத்தனை காலம் சரியென்று நடமாடியது என்றெல்லாம் வருஷக்கணக்கில் தேடி எழுதியது. அப்பாவே அச்சிட்டார். பரிசுப் புத்தகமாகக் கொடுக்கப் பள்ளிக்கூடங்கள் ஆர்டர் தந்தன.

லோடு கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் அவள் ஒரு பிரதியைப் பிரித்தாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம், தலைப்புக்குக் கீழே அவள் எழுதாத ஒரு வரி: ‘முதலில் கண்டவர்’. அதற்கு எதிரே காலி இடம்.

“என்னப்பா இது?”

“பேரு அடிக்கிற எடம், தாயி. மதுரைக்குப் போற கட்டுல மதுரக்காரரு, திருச்சூருக்குப் போறதுல மலையாளத்துக்காரரு. யாரு மனசும் நோகாதுல்ல?”

“வரலாறுப்பா இது!”

“உள்ள ஒரு எழுத்தத் தொடலையே.”

“உள்ள படிச்சீகளா?”

“சீசன் நேரத்துல எங்கன படிக்க?”

அப்போது மெஷின்காரர் மொக்கைச்சாமி எட்டிப்பார்த்தார். “அண்ணாச்சி, ஒரு பள்ளிக்கூடத்துல கேக்காக. வட்டத்துக்குப் பரப்பளவு கண்டவர்னு அவுக தாளாளரோட தாத்தா பேரப் போடலாமான்னு.”

கனகசபாபதி யோசித்தார். மறுக்க அல்ல. “தாத்தாவுக்கு எந்த ஊரு?”

“அட்டையில என் பேரு இருக்குப்பா,” என்றாள் சுகிர்தா. “நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டு கிளாஸ்ல நிப்பேன்? எல்லாத்துலயும் ‘பலர்’னு அடிங்க.”

“பலர்னு போட்டா எவன் வாங்குவான்?”

“வாங்க வேண்டாம்.”

மகள் முகத்தைப் பார்த்து, ‘பலர்’ என்றே அடித்தார். ஆர்டர்கள் ஒவ்வொன்றாய் ரத்தாயின. கட்டுகள் சுவரோரம் குவிந்தன. வேறு வேலையில்லாமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்து கனகசபாபதி படித்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் படித்தார். ஒருநாள் சாயங்காலம் மகளிடம் வந்தார்.

“நாலாம் அத்தியாயத்துல தப்பாக் கணக்குப் போட்டாரே ஒருத்தரு...”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா படித்திருக்கிறார்! “ஆமாப்பா, சொல்லுங்க.”

“அவரு நம்ம பக்கத்து ஆளு இல்லையே?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தப்புப் போட்டவர் எந்த ஊர் என்று மட்டும் நான் சொல்வதாக இல்லை. உங்கள் ஊராக இருந்துவிட்டால், யார் உங்களைச் சமாதானப்படுத்துவது?