சுரங்கத்துத் துக்கமும் சிப்பித் தண்ணீரும்

ஜெர்மனியின் ஹெர்னே நகரத்துக் குழாய்த் தண்ணீருக்குத் துக்கம் இருக்கிறது என்ற உண்மை, ரோஸ்விதாவின் மதுக்கடைப் பின்னறையில்தான் முதன்முதலில் உலகுக்கு வெளியானது. நூறு வருடம் நிலக்கரி வெட்டிய மண் அல்லவா. சுரங்கத்து அழுகையெல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறதாம். அதே தண்ணீரில் காபி போட்டுக் குடிக்கிற ஊர், கால்பந்தில் தோற்ற நாள் தவிர மற்ற நாளெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உப்புநீர் நிரப்பிய வீட்டுக் கடல்தொட்டியில் வளரும் பவளத்துக்கு அந்தத் துக்கம் ஆகாதாம்.

சொன்னவர் ஃபோல்க்ஹார்ட். தண்ணீர் வைத்தியர் என்று தமக்குத் தாமே பட்டம் கொடுத்துக்கொண்டவர். வெள்ளைச் சட்டை, தேன் வடியும் குரல், கையில் சங்கிலியில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு. பித்தலாட்டத்துக்கு வேறென்ன முதலீடு வேண்டும்?

கடல்தொட்டி நண்பர்கள் சங்கம் மாதம் ஒருமுறை கூடுவது அந்தப் பின்னறையில்தான். வழக்கமாக ஆறு பேர் வருவார்கள், அதில் இருவர் பீருக்காக வருவார்கள். வைத்தியர் வந்த பிறகு நாற்காலி போதவில்லை. மீன் வளர்க்காதவன்கூட வந்து நின்றான்.

வைத்தியர் சங்கத்துத் தொட்டியின் விளக்கைத் தணிக்கச் சொன்னார். நீரோட்டத்தை நிறுத்தச் சொன்னார். குண்டைத் தொட்டிமேல் ஆட்டினார். பிறகு ஒரு நீலக் குப்பியிலிருந்து சில சொட்டு விட்டார். குப்பிக்குள் இருப்பது கடலின் நினைவாம். அறை முழுக்க ஒரு கடல் வாடை பரவியது. ஒரு பீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, மூடிக் கிடந்த பவளம் மெல்ல விரல்களை நீட்டியது. இரும்பாலையில் காலமெல்லாம் உலையோடு மல்லுக்கட்டிய ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதிகமாகத் துடைத்தவன் ஓர்ட்வின். டிராம் பணிமனையில் மெக்கானிக். ஒரு மோட்டார் ஓடாவிட்டால் காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போகாதவன். அந்தக் காரணம் கேட்கும் புத்தியைப் பணிமனையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தான் போலும்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் தொட்டியில் இருந்த சுத்தியல் பவளம், சங்கத்தை ஆரம்பித்த எக்கார்ட் வளர்த்த தாய்ப்பவளத்தின் துண்டு. விரல் நுனி ஒவ்வொன்றும் குட்டிச் சுத்தியல்போல இருக்கும், அதனால் அந்தப் பெயர். எக்கார்ட் அவனுடைய உயிர் நண்பன். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதே, "சுத்தியல் எப்படிடா இருக்கு?" என்றுதான். இவன், "நல்லா இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்தச் சுத்தியல் கொஞ்சம் வாட ஆரம்பித்ததும் பயந்துபோய்க் குப்பி வாங்கினான். ஒரு குப்பியின் விலையில் புருஷனும் பெண்டாட்டியும் நல்ல ஓட்டலில் வயிறாரச் சாப்பிடலாம்.

குப்பியோடு விதிகளும் வந்தன. தினமும் சொட்டு விட வேண்டும். தொட்டித் தண்ணீரை மாற்றவே கூடாது, மாற்றினால் நினைவு போய்விடும். முக்கியமாக, சந்தேகப்படுகிறவர்கள் பவளத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஓர்ட்வினின் மனைவி மெக்ட்டில்ட், முதல் சொட்டிலேயே சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே. அதுக்குத் தெரியும்."

"எதுக்கு? அந்தக் கல்லுக்கா?"

"அது கல்லு இல்ல, உயிரு. கொஞ்ச நாளைக்கு நீ அடுப்படியில உக்காரேன்."

"என் வீட்டுல, என் சோபாவுல நான் உக்காரக் கூடாதா? நல்லாயிருக்குடா உன் நியாயம்."

சொல்லிவிட்டாளே தவிர, எக்கார்ட் பெயரைச் சொல்லி அவன் கெஞ்சியதும் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முதல் அந்த வீட்டில் சோபா பவளத்துக்கு, அடுப்படி பெண்டாட்டிக்கு.

முதலில் சொட்டு விடும்போதெல்லாம் சுத்தியல் விரிந்தது. அப்புறம் பாதி விரிந்தது. அப்புறம் விரியவே இல்லை. தண்ணீர் மங்கியது, பாறையெல்லாம் பழுப்புப் பாசி. சதை சுருங்கி வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. வைத்தியருக்குப் போன் போட்டான்.

"சொட்டை ரெண்டு மடங்காக்குங்க. வீட்டுல சந்தேகப்படற ஆள் யாரு?"

"பெண்டாட்டி. அவளை அடுப்படிக்கு அனுப்பிட்டேனே ஐயா."

"அடுப்படிக்குச் சுவர் மெல்லிசா?"

ஓர்ட்வின் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். உண்மையாகவே தட்டிப் பார்த்தான்.

அந்தச் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்தப் பவளம் வளர்த்தாலும் ஒரு துண்டை ஒடித்து இன்னொருவர் வீட்டில் கொடுத்து வைப்பார்கள். இங்கே செத்தால் அங்கே இருக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எக்கார்ட் ஏற்படுத்திய வழக்கம் அது. ஓர்ட்வின் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு சங்கத்து நண்பன் டெட்மார் வீட்டுக்குப் போனான்.

"சுத்தியல்ல ஒரு துண்டு கொடுப்பா."

டெட்மார் தொட்டியைக் காட்டினான். வெறும் வெள்ளை எலும்பு.

"நானே உன்கிட்ட வாங்கலாம்னு இருந்தேன்" என்றான்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எங்கும் அதே எலும்பு. எல்லாக் குப்பியும் ஒரே ஆளிடம் வாங்கியது, எல்லாத் தொட்டியும் சேர்ந்தே செத்துக்கொண்டிருந்தது. காலி வாளியோடு தெருவில் நின்றபோது ஓர்ட்வினுக்கு, எக்கார்ட் இரண்டாம் தடவை சாகிறான் என்று தோன்றியது. அந்தக் கவலையில் பல்லைக் கடித்துக் கடித்தே கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டு வலியெடுத்துவிட்டது.

பல் டாக்டர் ஸிக்ரூனும் ஒரு காலத்தில் சங்கத்து ஆள்தான். வைத்தியரைப் பார்த்து, "குண்டு ஆடுதா, கை ஆடுதா?" என்று கேட்ட பாவத்துக்காக வெளியேற்றப்பட்டவள். அவளுடைய காத்திருப்பு அறையில் ஒரு தொட்டி. அதில் கொழுகொழுவென்று பச்சைச் சுத்தியல்கள் ஆடிக்கொண்டிருந்தன. எக்கார்ட் கொடுத்து வைத்த துண்டு. ஓர்ட்வின் பல்வலியை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"வாயைத் தெற" என்றாள் ஸிக்ரூன், நாற்காலியில் சாய்த்து. "தெறக்கறதுக்குத்தான் அந்தாளு உன்னை நல்லாப் பழக்கி வச்சிருக்காரே."

"ஆ…"

"பேசாதே. என் தொட்டிக்கு ஒரு சொட்டு விட்டதில்ல. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்துறேன், அவ்வளவுதான். சந்தேகம் பட்டா பவளம் சாகுமாமே? நான் நாள் முழுக்கச் சந்தேகப்பட்டுக்கிட்டு அது பக்கத்துலயே இருக்கேன். போதாததுக்கு உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிங்க வேற எதிர்ல உக்காந்து நடுங்குறீங்க. அது பாட்டுக்குக் கொழுத்துப் போய்க் கிடக்கு."

வாயில் பஞ்சோடு ஓர்ட்வின் காத்திருப்பு அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்ததும் கேட்டான்: "ஒரு துண்டு தருவியா?"

"தர்றேன். ஆனா உன் தொட்டியில போட்டா இதுவும் சாகும். முதல்ல அந்தாளை நிறுத்து."

அடுத்த கூட்டம் இலையுதிர்காலத்தில் வந்தது. ரோஸ்விதாவின் அடுப்படியில் சிப்பி வேகும் பருவம். பின்னறையில் வைத்தியர் குண்டை எடுத்தார். ஓர்ட்வின் எழுந்து நின்றான். பக்கத்தில் ஸிக்ரூன். முணுமுணுப்பு கிளம்பியது.

"ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள்" என்றான் ஓர்ட்வின். "உங்க குப்பி, மூடி திறக்காதது, இதோ. ரோஸ்விதா உள்ள போய் இதை ஒரு கோப்பையில ஊத்துவா. இன்னொரு கோப்பையில வேற தண்ணி. எதுல கடல் நினைவு இருக்குன்னு உங்க குண்டு சொல்லட்டும். சந்தேகப்படறவங்க வாய் அடைஞ்சு போயிடும்."

கூட்டம் கைதட்டியது. பக்தர்கள் கைதட்டினால் சாமி ஆடித்தானே ஆக வேண்டும்? ரோஸ்விதா இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தியர் கண்ணை மூடினார். வலது கோப்பைமேல் குண்டு அசையாமல் நின்றது. இடதுமேல் வட்டம் போட்டு ஆடியது.

"இதுதான். இதுல பெருங்கடலே பேசுது. அது செத்த தண்ணி."

"நல்லாப் பேசும் ஐயா" என்றாள் ரோஸ்விதா. "காலையில சிப்பி உடைச்சப்போ வடிஞ்ச தண்ணி. அந்தச் செத்த தண்ணிதான் உங்க குப்பி."

ஸிக்ரூன் இடது கோப்பையிலிருந்து சில சொட்டுகளைத் தொட்டியில் விட்டாள். விளக்கைத் தணிக்கவில்லை, குண்டை ஆட்டவில்லை. பவளம் விரல் நீட்டியது, அதே வேகத்தில், அதே பக்தியோடு.

"சாப்பாட்டு வாசனை வந்தா அது கை நீட்டும். பசிக்கு மந்திரம் எதுக்கு?" என்றாள். "ரோஸ்விதா, அந்த இன்னொரு கோப்பையை மோந்து பாரேன்."

ரோஸ்விதா முகர்ந்தாள். முகம் கோணியது. "இதுவும் சிப்பிதான். என்னோடது இன்னைக்கு உள்ளது. இவரோடது பழசு."

வைத்தியர் விடவில்லை. "சிப்பியும் கடல்தானே, அதுக்கும் நினைவு…" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒருவர் நிஜமாகவே, "அப்ப வேகவச்ச சிப்பி போடலாமா?" என்று கேட்டார். இந்த உலகம் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடாது.

"அப்ப ஏன் எங்க பவளமெல்லாம் சாகுது?" என்றான் ஓர்ட்வின்.

"உங்க சந்தேகம்தான் காரணம்."

"நான் உங்களை நம்பினேன் ஐயா. பெண்டாட்டியை அடுப்படிக்கு அனுப்பினேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன். நம்பின எங்க வீட்டுல எலும்புதான் மிச்சம். நம்பாத இவ கிட்ட அது தழைச்சுக் கிடக்கு. தினமும் அழுகிப்போன சாறை ஊத்தச் சொல்லி, தண்ணியை மாத்தாதேன்னு கையைக் கட்டிப் போட்டது நீங்கதான்."

பாதிப் பேர் ஸிக்ரூனிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். அந்தத் தொட்டியை எல்லாரும் பார்த்திருந்தார்கள், பல்வலியில் யோசிக்கத்தான் இல்லை. இப்போது டெட்மார் மெதுவாக எழுந்து கதவருகே போய் நின்றான். வைத்தியர் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்படி வழியாக வெளியேறினார். சிப்பி ஓடுகள் இருந்த வாளியில் கால் இடறியதாக ரோஸ்விதா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

"இப்ப நாங்க என்ன போடணும்?" என்று கேட்டது கூட்டம்.

"ஒண்ணும் போடாதீங்க. தண்ணியை மாத்துங்க, கையை வெளியே எடுங்க, பொறுத்திருங்க" என்றாள் ஸிக்ரூன்.

பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு சாதாரணமாகவா?

ஓர்ட்வின் அப்படியே செய்தான். தண்ணீர் தெளிந்த பிறகு ஸிக்ரூன் கொடுத்த துண்டைப் பாறையில் ஒட்டினான். குளிர்காலம் முழுக்க அது முறைத்துக்கொண்டு கிடந்தது. மரங்கள் துளிர்க்கும் சமயத்தில் பச்சைச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. ஓர்ட்வின் அழுதான். இந்தத் தடவை அழுததில் அர்த்தம் இருந்தது.

மெக்ட்டில்ட் தன் சோபாவில், தன் இடத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, இதுக்கு மூளை இருக்கா?"

"பவளத்துக்கா? மூளையே கிடையாது."

"அப்ப சிப்பி வாசனைக்கு அது வாயைப் பிளந்ததுல ஒரு தப்பும் இல்ல" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சங்கத்துல மத்த எல்லாருக்கும் மூளை இருந்துச்சே."