கால் நனையாமல் பெண் வீட்டுக்குப் போனவன்

எனக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. ஈர சாக்ஸ் என்றால் மட்டும் குலை நடுங்கும். மழையில் கொஞ்ச நேரம் கால் ஊறினால் போதும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, கார்த்திகை முடிகிற வரைக்கும் சொறிந்துகொண்டே திரிவேன். இப்படிப்பட்டவன் ஒழுங்காக பஸ்ஸில் போய்வந்திருக்கலாம். ஆனால் எனக்கு சைக்கிள் பைத்தியமும் சேர்ந்தே பிடித்திருந்தது. (ரெண்டும் ஒரே ஆளுக்குப் பிடிச்சா அவன் உருப்படுவானா?)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நண்பர்களோடு சித்தன்னவாசல் வரைக்கும் சைக்கிள் மிதிப்போம். ஐப்பசி பிறந்ததும் அவர்கள் எல்லாம் சைக்கிளைத் துடைத்து, பழைய போர்வையைப் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். நான் விடவில்லை. கேன்வாஸ் ஷூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பார்த்தேன். மேலே இருந்து வராத தண்ணீர் கீழே இருந்து வந்தது. ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். முழங்கால் வழியாக இறங்கிய மழை அதற்குள் தேங்கி, ஆளுக்கொரு கிணறாக இரண்டு காலும் மிதந்தன. செய்தித்தாளை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு உள்ளங்காலில் ராசிபலன் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில்தான் வழி பிடிபட்டது. முதலில் கனமான சாக்ஸ். அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர். கணுக்காலில் ரப்பர் பேண்ட். எல்லாவற்றுக்கும் மேல் ஷூ. ஷூ நனைந்து நாசமாய்ப் போனாலும் உள்ளே கால் கதகதவென்று காய்ந்து கிடக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று, ராக்கெட் விட்டவன் மாதிரி தெருவில் நடந்தேன்.

அந்த நேரத்தில்தான் நித்யாவின் ஜாதகம் பொருந்தி வந்தது. போட்டோ பார்த்தேன், பிடித்துவிட்டது. பிடித்தது என்றால் சும்மா இல்லை, சோறு இறங்கவில்லை. பெரியவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். போனில் நாங்கள் இரண்டு தடவை பேசியும் ஆயிற்று. குளத்தூரில் இருந்த அவள் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. துபாயில் வேலை பார்க்கும் இன்னொரு பையனின் ஜாதகமும் அவர் கையில் இருந்தது. தரகர் என்னைப் பற்றிப் பெருமையாக, "பையன் எங்க போனாலும் சைக்கிள்தாங்க" என்று எடுத்துவிட, அவர், "மழை பேஞ்சா என்ன செய்வாரு? வீட்டுலயே படுத்துக்கிருவாரா?" என்று கேட்டாராம். "ஞாயித்துக்கெழம ஒரு நடை வரச் சொல்லுங்க. பேசிப் பாத்துட்டு எந்தப் பையன்னு சாயங்காலமே சொல்லிடுறேன்" என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த 'மழை பேஞ்சா' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை வெளுத்து வாங்கியது.

"பஸ்ஸுல போய்த் தொலைடா. ஒனக்கு மூக்கு வேற ஒழுகுது" என்றாள் அம்மா.

"சைக்கிள்லதான் போவேன். கால் நனையாமப் போய் நிப்பேன். அப்பத்தான் அவருக்குப் புரியும்."

"என்ன புரியும்? பையனுக்குக் கிறுக்குன்னா?"

நான் காதில் வாங்கவில்லை. சாதாரணக் கவர் அவ்வளவு தூரம் தாங்காது என்பதுதான் என் கவலை. கொல்லைத் தாழ்வாரத்துக் கொடியில் கிளிப் போட்டு இரண்டு கவர் தொங்கின. மீமிசலில் வாக்கப்பட்ட என் அக்கா கருவாடு கொடுத்துவிடுகிற கவர்கள், எருமைத் தோல் மாதிரி தடிமன். அம்மா கழுவிக் காயப்போட்டிருந்தாள். நான் ஒன்றும் மடையன் இல்லை, முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. (ஒரு வாரமா ஜலதோஷத்துல எனக்கு எந்த வாடையுமே தெரியலங்கிறது அந்த நேரம் பார்த்து மறந்துபோச்சு.)

மிதித்தேன் பாருங்கள் ஒரு மிதி! லாரிக்காரர்கள் சேற்றை வாரி இறைத்தார்கள். ரெயின்கோட்டுக்குள் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது. ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள், "யோவ், காய்ச்சல் வந்து சாகப்போறய்யா" என்று கத்தினார்கள். நான் நிற்கவில்லை. கால் மட்டும் அடுப்படியில் வைத்த மாதிரி சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் உள்ளே என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினேன். கவரை உருவி, நாகரிகமாக மடித்து பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சாக்ஸைக் கழற்றவில்லை. காய்ந்த சாக்ஸ்தானே எனக்குச் சாட்சி!

உள்ளே நித்யாவின் அப்பா கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மணியுமாக உட்கார்ந்திருந்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வீடு முழுக்கக் கழுவி, கோலம் போட்டு, ஊதுபத்தி ஏற்றியிருந்தது. மலைக்குப் போய் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் மீன், கறி, முட்டை என்ற பேச்சே எழக்கூடாது.

"வாங்க சாமி, உக்காருங்க. இந்த மழையில எதுல வந்தீங்க?"

"சைக்கிள்ல சாமி."

"நனையலையா?"

இதற்காகத்தானே வந்தேன்! "பாருங்க சாமி, ஒரு சொட்டு இல்ல" என்று வலது காலைத் தூக்கி நீட்டினேன். பெண் கேட்டுப் போன இடத்தில், மாலை போட்ட மனிதரின் முகத்துக்கு நேராக, காலை! அவர் சடாரென்று பின்னால் சாய்ந்தார். வியந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பளம் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இந்தா, வீட்டுக்குள்ள என்னமோ வாட அடிக்குதே?"

அடுப்படியிலிருந்து நித்யாவின் அம்மா வந்தார். "ஆத்தாடி! கருவாட்டு வாடயில்ல அடிக்குது! மாலை போட்ட வீட்டுல எவ கொண்டாந்து போட்டது?"

"பக்கத்து வீட்டுப் பூனை கவ்விட்டு வந்து போட்ருக்கும்மா" என்று மாடியிலிருந்து இறங்கினான் நித்யாவின் தம்பி கார்த்தி. சென்னையில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்திருந்தான்.

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இதை மட்டும் நான் கண்டுபிடித்துக் கொடுத்தால் துபாய்க்காரன் கதை முடிந்தது. "நீங்க உக்காருங்க சாமி, நான் தேடுறேன்" என்று எழுந்தேன்.

சோபாவுக்கு அடியில் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் மறுபக்கம் வந்தேன்.

"மாமா, இங்கிட்டு இல்ல, அங்கிட்டு அடிக்குது" என்றான் கார்த்தி, செல்போன் லைட்டைக் காட்டி. நான் அங்கிட்டு ஓடினேன்.

"இப்ப அங்கிட்டு இல்ல மாமா, இங்கிட்டு அடிக்குது."

இங்கிட்டு ஓடினேன். அவன் 'மாமா' என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் இன்னும் வேகமாக ஓடினேன். நித்யாவின் அம்மா சாம்பிராணியை அள்ளிப் போட, வீடே புகைமூட்டம். ஒரு அறை விடாமல் வாடையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கடைசியில் பூஜை அறை வாசலில் போய் நின்றேன். "இங்கதான் சாமி எங்கயோ இருக்கு, நான் விட மாட்டேன்" என்றேன் உறுதியாக.

அப்போதுதான் பூனை வந்தது. கொல்லை வாசல் வழியாக வந்து, யாரையும் சட்டை செய்யாமல், நேரே என்னிடம் வந்தது. என் வலது கால் கட்டைவிரலை சாக்ஸோடு கவ்வியது. "ஐயோ!" என்று காலை உதறினேன். பூனை விடவில்லை. நான் ஒற்றைக்காலில் குதித்த குதியில் பாக்கெட்டிலிருந்து கவர் நழுவி பூஜை அறை வாசலில் விழுந்தது.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நித்யா நின்றிருந்தாள். நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலைக்குக் குளிக்கப் போய்விட்டார்.

கார்த்தி என்னை வெளிக்குழாய்க்குக் கூட்டிப்போய் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினான். சாக்ஸில் ஒன்றைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஈர ஷூவுக்குள் வெறுங்காலை விட்டுக்கொண்டு கிளம்பினேன். பெடலை மிதிக்க மிதிக்க ஷூ சளக் சளக் என்றது. மானம் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் எனக்கு இல்லை என்றாகிவிட்டதே, அதுதான் பொறுக்கவில்லை. வழியெல்லாம் என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. நித்யாதான்.

"அப்பா சரின்னுட்டாரு."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். துபாய் வேணாம்னு நான் சொல்லிட்டேன். ஒங்க மேலயே வாடய வச்சுக்கிட்டு கட்டிலுக்கடியில தவழ்ந்தீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒங்களால எதையும் ஒளிக்க முடியாது. மிஞ்சிப்போனா ஒரு பூனை வளக்கணும், அம்புட்டுத்தான்."

தையில் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மச்சான் கால் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். கார்த்தி சொம்போடு என் முன்னால் குந்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து, நிதானமாக இரண்டு காதிலும் மாட்டினான். அவன் வீட்டுப் பக்கம் குபீரென்று சிரித்தது. எங்கள் பக்கம் விழித்தவர்களுக்கு அம்மாவே விளக்கம் சொன்னாள், கை கால் ஆட்டி நடித்தும் காட்டினாள்.

மாமனார் வந்து சொம்பைப் பிடுங்கினார்.

"தள்றா அங்கிட்டு. எம்மகளக் கேட்டு அம்புட்டு மழையிலயும் கால் நனையாம வந்த மனுசன். இன்னைக்கு நனைக்கிறதுன்னா நாந்தான் நனைப்பேன்."

முழுச் சொம்பையும் கவிழ்த்தார். பட்டு வேட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. விரலிடுக்கெல்லாம் ஈரம். சத்தியமாகச் சொல்கிறேன், காலை இழுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. இன்னொரு சொம்பு ஊற்ற மாட்டாரா என்றுதான் இருந்தது.

இன்றைக்கும் குளத்தூரில் இறங்கி என் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'கருவாட்டுக்கால் மாப்பிள்ளை' என்று கேட்டுப் பாருங்கள், மாமனார் வீட்டு வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.