ஜான்சன் துரைக்குக் கடல் பார்த்த அறை

கரியக்கூ தீவு, கரீபியக் கடல்,
செவ்வாய்க்கிழமை

புரூக்ளினில் பனி வாரிக் கொட்டி வாழும் மதிப்புக்குரிய தம்பி கார்ல்டனுக்கு உன் சித்தி மகன் எஸ்மண்ட் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி கிளாரிஸும் சுகமாயிருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

நீ சொன்னபடியே உன் விடுமுறைக்கு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். சொந்த ஊருக்கு வருகிறாய், சொந்தக்காரன் ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது, வேறு பெயரில் ஹோட்டல் அறை, அதுவும் சேவல் கூவாத பக்கம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அயோனி பெரியம்மாவின் கல்லறைக் கல், பெற்ற மகன் வந்து கை வைத்தால்தான் நடலாம் என்பதால், என் வீட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறது. வருகிறவர்கள் யாரோ தூங்குவதாக நினைத்து மெதுவாகப் பேசுகிறார்கள். கல்லை நட்டு, ஊருக்குச் சோறு போடும்வரை உன் அம்மாவுக்கு அந்த உலகத்திலும் உட்கார இடம் கிடையாது. அது கிடக்கட்டும், நீ ஓய்வெடுக்கத்தானே வருகிறாய்.

ஹோட்டல்காரி வெர்னாவிடம், ஜான்சன் என்று ஒரு அமெரிக்கத் துரை வருகிறார் என்றேன். "துவரை போட்ட சோறு சாப்பிடுவாரா அண்ணே?" என்றாள். "சின்ன வயசுலேருந்தே துவரையக் கண்டா ஓடுவான்" என்று வாய் முந்திக்கொண்டது. "துரையோட சின்ன வயசு உனக்கெப்படித் தெரியும்?" "மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?" "இன்னும் வரவே இல்லையே!" எனக்கு அவசர வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன். ரகசியம் பத்திரமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிஞ்சா, வெர்னா கனவுல உன் அம்மா நீலக் கவுன் போட்டுக்கிட்டு வந்து, "மகன் வர்றான், கல்லை எழுப்பு"ன்னு சொன்னதா ஊரெல்லாம் பேச்சு. அடுத்து கொத்தனார் பாய்சிக்குக் கனவு, பெரியம்மா கால் குளுருதுன்னாளாம். மேளக்காரன் சுகர் கனவுல வந்து ரம் கேட்டாளாம். சாகிறவரைக்கும் தொடாதவ, போன இடத்துல பழகியிருப்பா போல. விருந்துக்குன்னு கட்டி வச்ச ஆட்டுக்கு என்ன கனவு வந்துச்சோ, என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது. செத்தவங்க கேட்டப்புறம் நம்ம ஊர்ல மாட்டேன்னு சொல்ல யாருக்கு நெஞ்சுரம் இருக்கு? நீ வந்து இறங்குற சனிக்கிழமையே கல் விருந்துன்னு முடிவாயிருச்சு. செத்தவங்களுக்கு உப்பு ஆகாதே, அதனால உப்புப் போடாத தட்டு பெரியம்மாவுக்கு, உப்புப் போட்டது ஊருக்கு.

நீ கலங்காதே. உன் விருப்பத்தை ஊரில் எல்லார்கிட்டயும் விளக்கிச் சொல்லிட்டேன். உன்னை அடையாளம் தெரியாத மாதிரி நடிக்க மொத்தப் பேரும் சம்மதிச்சிருக்காங்க. படகுத்துறையில மேளம் அடிச்சு, "ஜான்சன் துரையே வருக"ன்னுதான் கத்துவாங்க. கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டுக்க, அவங்களுக்கு உதவியா இருக்கும்.

உன் படகுக்குக் காற்று பின்னாலிருந்தே வீசட்டும். கிளாரிஸின் தொப்பி அவள் தலையிலேயே இருக்கட்டும். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
எஸ்மண்ட்

பின்குறிப்பு: ஹோட்டலில் அறை இல்லை. மேளக்காரங்களுக்குக் குடுத்தாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் என் கூடத்துலதான் படுக்கை, கல்லுக்குப் பக்கத்துல. வெர்னாவுக்குக் கனவும் வரல, ஒண்ணும் வரல. வந்ததாச் சொல்லுன்னு சொன்னது நான்தான். மத்தவங்களுக்கு எப்படி வந்துச்சோ, எனக்குத் தெரியாது. ஆனா நேத்து பெரியம்மா நெசமாவே என் கனவுல வந்துட்டா. கல்லைப் பத்திப் பேசல, சோறும் கேக்கல. "அவன் வர்றது ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் ஏன்டா சொல்லல?"ன்னா. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீ சொன்னதைச் சொன்னேன். "நான் யாரோவாடா?"ன்னு கேட்டுட்டு நின்னா. அதுக்குப் பதில நீயே வந்து சொல்லிக்க.