ஓசி வயலினும் பெரிய ராஜாவும்

இனிமேல் இந்த வீட்டில் காதுதான் தீர்ப்புச் சொல்லும், கைப்பை அல்ல என்று கோபினா எஷுன் புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தார். வீரமான முடிவுதான். உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவே. கைப்பைக்குச் சொந்தக்காரியான மனைவி எக்குவா நாலடி தள்ளி முற்றத்தில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி வேறு.

விஷயம் வயலின் பற்றியது. கானா நாட்டுச் செக்கொண்டியில் அவர்கள் சபைக்கு அடுத்த மாதம் நூற்றாண்டு விழா. அன்றைய ஆராதனையில் கோபினா எழுதிய கீதம் அரங்கேறப்போகிறது. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் சரக்குச் சீட்டுக்கு முத்திரை குத்திய கை அது. சாயங்காலமானால் பாட்டெழுதும். பாடகர் குழுவுக்கு இதுவரை இருபத்திரண்டு பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் கோயிலின் பழைய ஆர்கன் ஒன்றுதான் துணை. அதிலும் மூன்று கட்டைகள் ஊமை.

இந்த ஒரு பாட்டுக்காவது முழு வாத்தியக் குழு வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1979 அறுவடைத் திருநாளில் ரயில்வே பட்டறைக்காரர்களின் குழு வந்து வாசித்ததே, அந்த மாதிரி. அந்த ஒன்பது வயலின்களும் இப்போதும் அவர் காதுக்குள் ஒலிக்கின்றன. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை, தன் பாட்டுக்குக் கீழே அந்தச் சத்தம் ஓடக் கேட்டுவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு வாசித்தவர்களில் பாதிப் பேர் கல்லறையில். மீதிப் பேர் லண்டனில். கூப்பிட்டால் இரண்டு இடத்திலிருந்தும் வரமாட்டார்கள்.

ஆளே தேவையில்லை என்பதுதான் இந்தக் காலத்தின் விசேஷம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் நிஜமான வித்வான்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, மென்பொருளாக விற்கிறார்கள். லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு கீபோர்டில் விரலை வைத்தால் அறுபது பேர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். சோறு கேட்கமாட்டார்கள், வண்டிச் சத்தம் கேட்கமாட்டார்கள். கோபினா ஒரு மாதம் தேடி மூன்றைப் பொறுக்கி வைத்திருந்தார். ஒன்று இலவசம். அதற்கு ஓசி என்று பெயர் வைத்தார். அடுத்தது கையைக் கடிக்காத விலை. அது நடுவாந்தரம். மூன்றாவதுதான் பெரிய ராஜா. தலைக்கு மேல் பட்டுக்குடை பிடிக்காத குறை. பக்கத்து ஊர் டகோராடியில் இவரைப் போலவே பாட்டெழுதுகிற சாம் ஆர்கா அதைத்தான் வைத்திருக்கிறான். வைத்திருக்கிறான் என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான்.

சேமிப்புப் பணம் எக்குவாவின் போன் கணக்கில் இருந்தது. அதன் ரகசிய எண் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

“எக்குவா, ஒரு வயலின் பார்த்து வெச்சிருக்கேன்.”

“வாசிக்க ஆள் எங்க?”

“ஆள் வேண்டாம். லேப்டாப்புக்குள்ளயே இருக்காங்க.”

“அப்போ வயலின் எங்க?”

“அதுவும் லேப்டாப்புக்குள்ளதான்.”

“ஆளும் உள்ள, வயலினும் உள்ள. பணம் மட்டும் வெளியிலேர்ந்து போகணுமாக்கும்?”

“கொஞ்சம்தான். ஒன்பதாயிரம் சேடி.”

கத்தி நின்றது. “ஒன்பதாயிரமா? வயலின் வாசிக்கறவனையே வீட்டோட வெச்சுக்கலாமே மாஸ்டர், மாப்பிள்ளை மாதிரி!”

அவரை அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். சபையில் எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுகிற அதே வார்த்தைதான். எக்குவா வாயிலிருந்து வரும்போது மட்டும் அதில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

“சும்மா கிடைக்கறது ஒண்ணு இருக்குன்னு போன வாரம் சொன்னீங்களே?”

“இருக்கு. சும்மா கிடைக்கற மாதிரியேதான் இருக்கும்.”

“யாரு சொன்னது?”

கோபினா காத்திருந்த கேள்வி இதுதான். குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டார். “நான் சொல்ல வேண்டாம். நீயே சொல்லு. செக்கொண்டியில உன் காதுக்கு மேல காது உண்டா? சனிக்கிழமை முதுகைத் திருப்பி உக்காரு. நம்ம கீதத்தை மூணுலயும் வாசிச்சுக் காட்டறேன். எது எதுன்னு சொல்லமாட்டேன். நீ எதைக் கை காட்டறியோ அதான்.”

“எதைக் காட்டினாலுமா?”

“எதைக் காட்டினாலும்.”

“சரி” என்றாள் எக்குவா. மறுபடி செதில் பறந்தது.

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னது அவர்களுடைய முப்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் இதுதான் முதல் தடவை. வேறு யாராக இருந்தாலும் உஷாராகியிருப்பார்கள். கோபினா சந்தோஷமாகக் கஞ்சி குடிக்கப் போனார்.

பெரிய ராஜாவையும் நடுவாந்தரத்தையும் பத்து நாள் இலவசமாகப் பரீட்சை பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஆகவே மூன்றும் கையில் இருந்தன. நியாயமாக, இறக்கியதை இறக்கியபடியே வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் நினைத்தார். கேட்டுப் பார்த்தால், ஓசியும் அப்படியொன்றும் மோசமில்லை. அங்கேதான் மனுஷனுக்குப் பயம் வந்தது. எக்குவா ஓசியைக் கை காட்டிவிட்டால்?

வியாழக்கிழமை வேலையை ஆரம்பித்தார். ஓசியின் எதிரொலியை அடியோடு எடுத்தார். மேல் சுரங்களைச் சுருதியிலிருந்து மயிரிழை கீழே இறக்கினார். இரண்டாம் வயலின்களை அரைத் தாளம் பின்னால் தள்ளினார். நடையையும் கொஞ்சம் நொண்ட விட்டார். பெரிய ராஜாவுக்கு நேர்மாறு. மண்டபத்து எதிரொலியை எவ்வளவு போகுமோ அவ்வளவு ஏற்றினார். கீதத்தின் நடுவில் நாலு தாளம் மௌனம் எழுதியிருந்தார். வயலின்கள் சட்டென்று நிற்க, அந்த மண்டபத்தின் கார்வை மட்டும் மெல்ல மெல்ல அடங்கும். அந்த இடத்தில் எக்குவா விழுந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு.

சாயங்காலம் ஓசியை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மான்சாவின் குரல் கேட்டது.

“எக்குவா! உங்க ஆட்டுக்கு உடம்பு சரியில்லையா என்ன?”

“எங்க வீட்டுல ஆடே இல்லையேடி!” என்றாள் எக்குவா.

கோபினா திருப்தியோடு தலையாட்டினார். வேலை சரியாகத்தான் நடக்கிறது.

சனிக்கிழமை பத்து மணிக்கு எக்குவா குளித்து, தலைக்குத் துணி கட்டி, திருவிருந்துக்குப் போகிறவள் மாதிரி வந்து ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கோபினா தொண்டையைச் செருமினார். முதலில் நடுவாந்தரம்.

“எப்படி?”

“ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு ஒண்ணு போடுவாங்களே, அது.”

நடுவாந்தரத்தின் கதை முடிந்தது. அடுத்து பெரிய ராஜா. அறுபது வயலின்களும் எழும்பின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோபினாவுக்கே புல்லரித்தது. எக்குவாவின் தோள் அசையவில்லை. பாட்டு ஏறி ஏறி, உச்சிக்குப் போய், நின்றது. நாலு தாளம் மௌனம்.

அந்தச் சபையில் மௌனம் என்றால் என்ன அர்த்தம் என்று செக்கொண்டியில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதருக்குச் சொல்லித் தரவேண்டுமா? பிரசங்கியார் மூச்சு வாங்கினால் போதும். பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி ஊர்மொழியான ஃபான்டேயில் ஒரு பாட்டை எடுப்பாள். சபையே அதை வாங்கிக்கொள்ளும். பிஷப்பே பிரசங்கித்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் பிரசங்கம் தொடரும். எக்குவா அந்த வரிசையின் தலைவி. லேப்டாப் முன்னால் உட்கார்ந்த இரண்டு நாளில் கோபினா இதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

எக்குவா பாட்டெடுத்தாள். முதல் வரி பாதிகூடப் போகவில்லை, அறுபது வயலின்களும் அவள் மேல் வந்து விழுந்தன.

“என்ன மாஸ்டர் இது! வாயைத் தொறந்தா மேல ஏறி மிதிச்சுக்கிட்டுப் போறாங்க?”

“நீ சும்மா கேக்கணும் எக்குவா! பாடக் கூடாது!”

“பாட்டைப் பாடாம எப்படிக் கேக்கறது?”

“அது பரீட்சை!”

“நல்லா வளர்ந்த பிள்ளைங்கன்னா ஒரு பொம்பளை பாடி முடிக்கற வரைக்கும் நிப்பாங்க. சரி, மூணாவதைப் போடுங்க.”

இனி ஓசி. கோபினா மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இதைக் கேட்டபிறகு பெரிய ராஜாவின் முரட்டுத்தனம்கூட அவளுக்குத் தேவாமிர்தமாகத் தெரியும். தட்டினார்.

வயலின்கள் இழுத்துக்கொண்டே வந்தன. மேல் சுரங்கள் புளித்தன. இரண்டாம் வயலின்கள் தாமதமாக, சந்தைக்குக் கூடை சுமந்து பின்னால் வருகிறவர்கள் மாதிரி வந்து சேர்ந்தன. மௌனம் வந்தது. எக்குவா பாட்டெடுத்தாள். நொண்டுகிற நடையில் மௌனமும் நீண்டுவிட்டிருந்தது. அவள் வரியைப் பாடி முடிக்கும்வரை ஒரு வயலினும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. அதன் பின்னால் மற்றவை.

எக்குவாவின் குரல் நடுங்கி நின்றது. திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“போன்ஸி மாமா” என்றாள்.

கோபினாவுக்கும் ஞாபகம் வந்தது. போன்ஸி மாமா. ரயில்வே குழுவின் வயலின்காரர், பட்டறையில் பாய்லரைச் சுத்தியால் அடித்து அடித்துக் காது மந்தமாகிப்போன மனுஷன். எந்தப் பாட்டானாலும் அரைத் தாளம் பின்னால்தான் வருவார். அது 1979. கடையில் சோப்பு இல்லை, சர்க்கரை இல்லை, வயலின் தந்திக்கு எங்கே போவது? மேல் தந்தி அறுந்தால் மீனவர்களிடம் தூண்டில் நரம்பு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து வாசித்தார்கள். புளிக்கத்தான் புளித்தது. நாற்பத்தைந்து வருஷமாக கோபினாவின் மனசுதான் அந்த ஒன்பது வயலின்களுக்கும் சுருதி சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

கோபினா அன்றைக்கு ஆர்கனுக்குப் பின்னால் நின்று துருத்தியால் அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வயது பத்தொன்பது. வயலின்கள் ஒரு இடத்தில் மூச்சு வாங்கின. ஆறாவது வரிசையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெண், இதே எக்குவா, எழுந்து பாட்டெடுத்தாள். பட்டறைக்காரர்கள் ஒன்பது பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடியே அவளுக்காகக் காத்து நின்றார்கள். இவர் காற்றடிக்க மறந்து நின்றார். ஆர்கன் முனகிச் செத்துப்போயிற்று. அதற்கு வாங்கின திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை நாள் தேடியது வயலினை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் நிறைந்தது. கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

“இதான் மாஸ்டர். இதையே எடுத்துக்குங்க.”

அழுகைக்கு நடுவிலும் கோபினாவுக்குப் பெரிய ராஜாவின் பட்டுக்குடை கண் முன்னால் சாய்வது தெரிந்தது. கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

“எக்குவா, அது அபசுரம். காதுல விழலையா?”

“விழுது. யாரு அபசுரமா வாசிச்சது?”

“மெஷின்தான்.”

“மெஷினுக்குத் தானா அபசுரம் வருமா?”

கோபினா லேப்டாப்பைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

“புதன்கிழமை வரைக்கும் நல்லாத்தானே வாசிச்சுது. மான்சா சொல்றா, வியாழக்கிழமையிலேர்ந்துதான் நம்ம ஆட்டுக்கு வியாதியாம்.”

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பெரிய ராஜா போவார். கோபினா கொஞ்ச நேரம் யோசித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

“சரி, ஓசியே இருக்கட்டும்” என்றார். உள்ளபடியே மனசு லேசாகத்தான் இருந்தது. லேசான மனசில் உடனே அடுத்த ஆசை முளைத்தது. “ஒன்பதாயிரம் மிச்சம். அதுல ரெண்டு நல்ல ஸ்பீக்கராவது...”

“எந்த ஒன்பதாயிரம்?”

எக்குவா உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். நூற்றாண்டு விழாவுக்கென்று அச்சடித்த துணி. நீலத்தில் வெள்ளைக் கோபுரம். துணியாகக்கூட இல்லை, பொத்தான் வைத்துத் தைத்து, தேய்த்து மடித்த சட்டை.

“இது உங்களுக்கு. பாட்டெடுக்கற எங்க வரிசைப் பொம்பளைங்க பன்னிரண்டு பேருக்கும் இதே துணிதான். தையல் கூலியும் குடுத்தாச்சு.”

“எதுக்கு பன்னிரண்டு பேருக்கு?”

“கீதத்துல நடுவுல நாலு தாளம் காலியா விட்டிருந்தீங்களே. எங்களுக்காகத்தான் விட்டிருக்கீங்கன்னு எல்லாரும் ஒரே சந்தோஷம். மூணு வாரமா பாடிப் பழகறோம்.”

அந்த மௌனம் ஐரோப்பிய மண்டபத்துக்கென்று எழுதியது என்பதைச் சொல்ல கோபினா வாயைத் திறந்தார். எக்குவாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சட்டையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் தெருத் தையல்காரர் ஒரு பொத்தான் வைக்கவே நாலு நாள் எடுத்துக்கொள்கிறவர்.

“துணி எப்போ வாங்கின?”

“திங்கக்கிழமை.”

“பணம்?”

“திங்கக்கிழமையே போயாச்சு.”

“புதன்கிழமைதானேடி பரீட்சை வெக்கறேன்னு சொன்னேன்! பணமே இல்லைன்னா இன்னிக்கு எதுக்கு முதுகைத் திருப்பிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தே?”

எக்குவா சட்டையை அவர் மார்பில் வைத்து அளவு பார்த்தாள்.

“நீங்க எனக்குன்னு உக்காந்து வாசிச்சு முப்பது வருஷமாச்சு மாஸ்டர். சும்மா கிடைக்கற கச்சேரியை யாராவது விடுவாங்களா?”