வலது மூலையில் ஓர் எண்

மனைவியிடம் இனி ஆங்கிலத்தில் எந்தச் சந்தேகமும் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாய் சும்மா இருக்குமா? கல்யாணமான முதல் வாரமே, "இங்கிலீஷ்ல எதுன்னாலும் என்னைக் கேளு" என்று சொல்லித் தொலைத்தேன். அவளோ அச்சகத்தில் ஆங்கிலப் பிழை திருத்துகிறவள்.

சபதத்துக்குச் சோதனை வந்தது. மறுநாள் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க, என் வகுப்பின் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்காரப் போகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். பாடம், ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை எது, அதே வேஷம் கட்டிய பெயரடை எது என்பது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டும் ஒரே முகம்தான்.

கேள்வியை இடது கையால் ஒரு தாளில் கிறுக்கினேன்.

"என் வகுப்புப் பையன் எழுதினது. சரியான மக்கு. பாரேன், சிரிப்பா இருக்கும்."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாவம், ரொம்ப பயந்த பிள்ளையோ?"

"எப்படித் தெரியும்?"

"எழுத்தே நடுங்குதே! அவன்கிட்ட சொல்லுங்க. 'பை' போட்டு, செஞ்ச ஆளைக் கூப்பிடணும். 'தி பிளேட்ஸ் வேர் வாஷ்டு பை மை ஒய்ஃப்.' ஆள் வந்தாச்சு, வேலை நடந்திருக்கு. அது வினை."

"அப்போ 'ஹி இஸ் ஒர்ரீடு'?"

"'வெரி' சேருங்க. 'ஹி இஸ் வெரி ஒர்ரீடு.' ஒட்டுது, இல்லையா? அது அவன் இருக்கிற நிலைமை. பெயரடை."

"சொல்லிடறேன்" என்று அலட்சியமாக எழுந்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் தலைமையாசிரியை தலையாட்டினார். இரண்டு தடவை! வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"வேலை நிரந்தரம்!"

"அப்பாடா! அந்தப் பையனுக்கும் புரிஞ்சுதா?"

"தெளிவா!"

அவள் அந்தத் தாளை என் முன் நீட்டினாள். வலது மூலையில் என் கல்லூரிப் பதிவு எண். மூன்று வருஷம் எல்லாப் பரீட்சைத் தாளிலும் எழுதிப் பழகியது. மளிகைச் சீட்டில்கூட எழுதிவிடுவேன். இடது கையும் மறக்கவில்லை!

"இந்த நம்பர் பையனை தினமும் டியூஷனுக்கு வரச் சொல்லுங்க. ஃபீஸ் வேணாம்."

"பின்னே?"

அவள் எச்சில் தட்டுகள் நிரம்பி வழிந்த கழுவுதொட்டியைக் காட்டினாள். "'தி பிளேட்ஸ் வில் பி வாஷ்டு...' ம், ஆளைக் கூப்பிடுங்க."

"பை மீ" என்றேன்.

முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, துடைக்கும் துணியையும் கொடுத்தாள்.