சுனைப்பாதைச் சங்கத்துக்குப் புதுத் தலைவர்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது, புலி கிடையாது, யானைகூட எப்போதாவது வழி தப்பி வந்தால்தான் உண்டு. ஆனால் சங்கம் இருந்தது. நாலு பேர் ஒரே திசையில் நடந்தால் அதற்கொரு சங்கம் வைப்பது நம்ம ஊர் வழக்கம்தானே, மிருகங்கள் மட்டும் சும்மா இருக்குமா? சுனைப்பாதை நடையாளர் சங்கம் என்று பெயர்.

அந்தக் காட்டு மலையின் உச்சியில் ஒரு சுனை. எந்தக் கோடைக்கும் வற்றாது. அடிவாரத்துக் குளமோ பங்குனி பிறந்தாலே சேறாகிவிடும். அதனால் வருஷா வருஷம் குளம் வற்றுவதற்குள் எல்லா மிருகமும் வரிசையாக மலையேறிச் சுனைக்குப் போய்விடும், மழை வந்ததும் இறங்கிவிடும். இந்த நடையை நடத்துவதுதான் சங்கத்தின் ஒரே வேலை.

தலைவராக இருந்தது வீரணன் என்கிற காட்டுப்பன்றி. அதற்கு மேடையில் பேச வராது, ஏற்றிவிட்டால் உறுமும். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தது. நடையில் தலைவர் கடைசி ஆளாக வர வேண்டும். எல்லாரும் சுனையில் வாய் வைத்த பிறகுதான் தலைவர் குடிக்க வேண்டும். இதனால் பிழைத்துக்கொண்டிருந்தது மாடத்தி என்கிற ஆமை. மாடத்திக்கு எப்போதும் கடைசி இடம்தான். ஏற்றம் வந்தால் வீரணன் மூக்கால் முட்டி மேலே தள்ளிவிடும்.

"மெதுவா அண்ணே, ஓடு கீறுது!" என்று மாடத்தி கத்தும்.

"கீறினா கீறட்டும், ஏறு தாயி" என்று வீரணன் உறுமும்.

வீரணனுக்கு முட்டி வலி வந்தது. பதவி போதும் என்று சொல்லிவிட்டது. உடனே தேர்தல். அலங்காரம் என்கிற மயில் எழுந்து நின்று தோகையை விரித்தது. பாதிக் கூட்டம் அப்போதே முடிவு பண்ணிவிட்டது.

"பெரியோர்களே! தலைவர்னா முன்னாடி நிக்கணும். இத்தனை வருஷமா நம்ம நடையில தலைவர் மூஞ்சிய யாராவது பார்த்திருக்கீங்களா? இனிமே முன்னாடி நிக்கிறவர்தான் தலைவர். தலைவர யாரும் முந்தக் கூடாது. அப்புறம், எழுதி வெச்சுக்கங்க, என் தலைமையில ஒருத்தர்கூடப் பின்தங்க மாட்டாங்க!"

கடைசி வரி மாடத்தியை உருக்கிவிட்டது. பாவம், அதுவும் மயிலுக்கே ஓட்டுப் போட்டது.

புதுத் தலைமை வந்தால் கேட்கவா வேண்டும். அடிவாரத்தில் அலங்கார வளைவு, ஆளுக்கொரு பச்சைத் தொப்பி, வாட்ஸ்அப் குழு எல்லாம் வந்தன. துரைக்கண்ணு என்கிற முயல் செயலாளர் ஆனது. வீரணனுக்கு மாலை போட்டுக் கௌரவ ஆலோசகர் ஆக்கினார்கள். போட்டோவில் தெரிய வேண்டுமென்று தலைவருக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்கள். பன்றி மாலையில் கொஞ்சத்தைத் தின்றது.

நடை கிளம்பியது. பாதையின் இரண்டாவது திருப்பம் தாண்டுவதற்குள் மாடத்தியின் போன் சிணுங்கியது. குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். மாடத்தி பதறிப்போய் முயலைக் கூப்பிட்டது.

"தம்பி துரைக்கண்ணு, என்னய்யா இது அநியாயம்?"

"அக்கா, ஒருத்தர்கூடப் பின்தங்கக் கூடாதுன்னு தலைவர் வாக்குக் குடுத்திருக்காரு. நீங்க பின்தங்கிட்டீங்க. உங்கள உறுப்பினரா வெச்சிருந்தா அவர் வாக்கு பொய்யாயிடும். தூக்கிட்டோமா, இப்ப பாருங்க, உறுப்பினர் ஒருத்தரும் பின்தங்கல."

"கீழ குளத்துல சேறுதான்யா இருக்கு. நான் அதுல கெடந்து காஞ்சு சாகணுமா?"

"அது உறுப்பினர் அல்லாதவங்க பிரச்சினை அக்கா. சங்கம் தலையிட முடியாது" என்று முயல் போனை வைத்துவிட்டது.

மாடத்தி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதது. அழுது முடித்ததும் நடந்தது. வேறென்ன செய்யும்? குளத்துக்குத் திரும்பினால் சாவு, சுனைக்குப் போனால் தண்ணீர்.

பாதி மலையில் ஓர் அத்திமரம். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் புதருக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதைதான் சுனைக்குப் போவது. வலப்பக்கம் அகலமாக, காட்சிக்கு அழகாக ஒன்று போகும், போய்ச் செங்குத்துப் பாறையில் முட்டி நிற்கும். மாடத்தி வந்து பார்த்தபோது, வழியெல்லாம் போட்டோவுக்கு நின்று நின்று போன வரிசையின் வால் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"ஏய்..." என்று வாயைத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டது. 'நான்தான் உறுப்பினரே இல்லையே, எனக்கென்ன வந்தது' என்று இடப்பக்கப் பாதையின் நடுவில் போய் உட்கார்ந்தது.

அங்கே பாறையடியில் கூட்டம் முட்டி நின்றது. அலங்காரம் இறக்கையை இரண்டே தட்டுத் தட்டி உச்சியில் போய் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது.

"வாங்க, வாங்க! ரொம்பச் சுலபம்!"

"தலைவரே, எங்களுக்கு இறக்கை இல்ல" என்று வரிசையின் கடைசியிலிருந்து கத்தியது முயல்.

"முயற்சியே பண்ணாம இல்லங்கிறீங்களே!" என்று வருத்தப்பட்டுவிட்டு மயில் சுனைப் பக்கம் பறந்துபோனது.

அந்த இடம் ரொம்பக் குறுகல். ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. எல்லாரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். தலை வாலானது, வால் தலையானது. முன்னால் நின்ற ஆலோசகர் வீரணன் பழையபடி கடைசிக்கு வந்தது.

அத்திமரத்துக்கு வந்தால் பாதையை அடைத்துக்கொண்டு ஆமை.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றது முயல்.

"ஏன் தம்பி ஒதுங்கணும்? முன்னாடி நிக்கிறவர்தானே தலைவர்? இப்ப முன்னாடி நிக்கிறது யாரு?"

முயல் விதியை நினைத்துப் பார்த்தது. விதி விதிதானே! மாடத்தியைக் குழுவில் சேர்த்து அட்மின் ஆக்கியது. "தலைவி வாழ்க!" என்று கூட்டம் கத்தியது. மயிலுக்காகப் போட வைத்திருந்த கோஷம் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் எனக்கே நாக்கு வறளுகிறது. ஆமை முன்னால், அத்தனை பேரும் பின்னால். பொழுது விடியும், பொழுது சாயும், வரிசை ஒரே ஒரு புளியமரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும். மான்குட்டிகள் தண்ணீர் தண்ணீர் என்று அழுதன.

"அக்கா, நான் மட்டும் ஓடிப்போய் ஒரு வாய் குடிச்சிட்டு வந்துடறேனே" என்று முயல் கெஞ்சியது.

"தலைவிய முந்தறதா? நீங்க ஆசப்பட்டதுதானே இது. திரும்பிப் பாரு, ஒருத்தராவது பின்தங்கினாங்களா? எல்லாரும் என் கூடவே இருக்கீங்க!"

ஏற்றம் வந்தது. மாடத்தியால் ஏற முடியவில்லை. "வீரணன் அண்ணே!" என்று குரல் கொடுத்தது. பன்றி முட்டியை நொண்டிக்கொண்டு கடைசியிலிருந்து வந்தது.

"அத்திமரத்துக்கிட்ட நீ கூப்பிட்டிருந்தா அன்னிக்கே திரும்பியிருப்போமே தாயி. குட்டிகளப் பாரு, எனக்கு வயிறு எரியுது" என்றது.

"முட்டறதானா முட்டுங்கண்ணே, முந்திடாதீங்க" என்றது மாடத்தி.

வீரணன் மூக்கால் தள்ளி மேலே ஏற்றிவிட்டது. பிறகு கடைசி இடத்துக்கே போய்விட்டது.

சுனை கண்ணுக்குத் தெரிந்தபோது வானம் இருண்டது. கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. மலை முழுக்கத் தண்ணீர் ஓடியது. நியாயமாகப் பார்த்தால் கோடையே முடிந்துவிட்டது, இறங்கிப் போக வேண்டியதுதான். ஆனால் கூட்டம், "தலைவி மழையையே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்கடா!" என்று குதித்தது. சுனைக்கரையில் கொழுகொழுவென்றிருந்த அலங்காரம் மழையில் ஆடிக்கொண்டே வந்து மாலை போட்டது. மாடத்தி அதைக் கௌரவத் தலைவர் ஆக்கியது. இரண்டும் போட்டோ எடுத்துக்கொண்டன.

அப்போது முயல் ஆமையின் காதோரம் குனிந்து சொன்னது. "அக்கா, ஆண்டு விழாவுல ஒருத்தர்கூடப் பின்தங்கலன்னு சொல்லணும். கடைசியா வந்தவர் ஒருத்தர் இருக்காரே."

மாடத்தி திரும்பிப் பார்த்தது. சுனைக்குக் கொஞ்சம் தள்ளி வீரணன் நனைந்துகொண்டு நின்றது. கடைசி மான்குட்டி வாய் வைக்கட்டும் என்று இன்னும் குடிக்காமல் காத்திருந்தது. மாடத்திக்கு நிஜமாகவே மனசு கனத்தது.

"அண்ணே, நீங்க இல்லாட்டி நான் ஏது!" என்று சொன்னது. சொல்லிவிட்டுச் சங்கத்திலிருந்து நீக்கியது.

நீக்கிய செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வீரணனிடம் போன் கிடையாது. அதனால் அதற்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அடுத்த கோடையிலும் அது வரிசையின் கடைசியில் நடந்து, ஏற்றம் வந்தால் முன்னால் போய்த் தலைவியை முட்டி ஏற்றிக்கொண்டிருந்தது.

நீதி: கூட்டம் தப்பான வழியில் போவது தெரிந்தால் வாயைத் திறக்காதீர்கள், பேசாமல் பின்னால் உட்கார்ந்திருந்தால், எல்லாரும் திரும்பும்போது நீங்கள்தான் தலைவர். முட்டித் தள்ள ஒரு பன்றியை மட்டும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் போன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.