சீர் போனும் மூன்று பிரவுசரும்

அன்புள்ள விருமாண்டி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா சுந்தரம்மாளின் மகள் தமிழ்வாணி எழுதுவது. இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாமாவுக்கு யாராவது தபாலில் எழுதுவார்களா என்று தபால்காரரே கேட்பார். போனில் பேசலாம், நீங்கள் எடுப்பதில்லை. போனில் எழுதலாம், அது யார் யார் போனில் போய் உட்காரும் என்று இப்போது சொல்ல முடியவில்லை. நேரில் வந்து நின்றால் பேச்சு வராது. இங்கே எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் எங்கள் வீட்டில் கை நனைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கள் மகன் செல்வக்குமார் மச்சானுக்கும் எனக்கும் தை மாதம் என்று பேசிவைத்திருந்த பரிசத்தை ஆவணி பத்தாம் தேதிக்கே வைத்துவிட்டதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். ஓசூரில் மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் செப்டம்பர் முதல் தேதி சேரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருப்பதும், நீங்கள் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அப்பா அனுப்புவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. உங்கள் போனில் நீங்கள் பார்த்தவை எப்படி அங்கே வந்தன என்று விளக்கம் சொல்லவே எழுதுகிறேன்.

நான் பட்டம் வாங்கியதற்கு நீங்கள் கொட்டுமேளத்தோடு, ஏழு தாம்பாளத்தோடு, உங்கள் படம் போட்ட பிளக்ஸும் கட்டித் தாய்மாமன் சீர் கொண்டுவந்தீர்கள். ஏழாவது தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்புக்கு மேல் இந்தப் போன் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி அண்ணன் உங்களுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக ஒரே நாளில் எடுத்துக் கொடுத்து, இரண்டிலும் உங்கள் பெயரிலேயே ஒரே மெயில் கணக்கைப் போட்டுவிட்டார். என் போனைத் திறந்தாலும் விருமாண்டி என்றுதான் வரும். சீர்க் குடத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டியிருப்பது போலத்தான் இதுவும் என்று நினைத்தேன். குடத்தில் இருக்கும் பெயரை யாராவது அழிப்பார்களா? தாய்மாமன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுவது மரியாதையாகப் படவில்லை. அந்தக் கணக்கு வழியாக, நான் இங்கே தேடுவதெல்லாம் அங்கே உங்கள் போனிலும் போய் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும் என்பது வேதியியல் படித்த எனக்குத் தெரியவில்லை.

சந்தையில் மாட்டு வியாபாரத்துக்கு நடுவே, மழை வருமா என்று பார்க்கத் தேடும் கட்டத்தைத் தொட்டிருக்கிறீர்கள். மழைக்கு முன்னால் நான் வந்துவிட்டேன். ‘ஓசூர் பெண்கள் விடுதி.’ ‘நெருங்கிய உறவில் திருமணம் பாதிப்புகள்.’ ‘மாமா மகனை வேண்டாம் என்று மனம் நோகாமல் சொல்வது எப்படி.’ கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் பக்கத்தில் நின்ற தரகரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்களாம். அவரும் மூன்றையும் மாட்டு விலை கூவுகிற தொண்டையிலேயே படித்துவிட்டு, “என்னண்ணே, மருமக ஒங்களுக்கே மனுப் போட்டிருக்கு” என்றாராம். சந்தையில் மாடுகளைத் தவிர எல்லோரும் சிரித்ததாக, நான் வாசல் கூட்டி முடிப்பதற்குள் அம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது.

அன்றிலிருந்து நல்ல பிரவுசர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே என் வேலையாக இருக்கிறது. மதுரை நெல்பேட்டையில் இருக்கும் ஷாஹீதா, என்னோடு படித்தவள், இதிலெல்லாம் கெட்டிக்காரி. இருக்கிற பிரவுசரிலேயே ரகசியச் சன்னல் என்று ஒன்று உண்டு, அதில் தேடினால் மூடியதும் மறந்துவிடும் என்றாள். அது தேடியதை மறந்தது; இறக்கியதை மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கு வளைகாப்புப் படம் காட்டப் போன அம்மா, ஓசூர் உத்தரவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உத்தரவு பற்றி உங்களுக்குச் செய்தி வந்தது அப்படித்தான். சரி என்று இரண்டாவது பிரவுசரை இறக்கினேன். அது விளம்பரத்தை உள்ளே விடாது, பின்தொடர்பவர்களையும் தடுக்கும். முதல் நாள் சாயங்காலமே, இன்று நானூற்றுப் பன்னிரண்டு தடுக்கப்பட்டன என்று காட்டியது. எங்கள் தெருவில் இருப்பதே நாற்பது வீடு, வீட்டுக்கு ஒருத்தர் பத்துத் தடவை எட்டிப் பார்த்தாலும் கணக்கு வராது. அவை கம்பெனிகள், உன் தெருவில் யாருமில்லை என்று ஷாஹீதா சொல்லியும் இரண்டு நாள் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். அந்தப் பிரவுசரில் இன்னொன்று, மூடினால் மொத்தத்தையும் துடைத்துவிடும். ஓசூருக்கு அனுப்ப வேண்டிய விவரங்களை நான் நிரப்பிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அம்மா போனை வாங்கி, பிரவுசரை மூடிவிட்டுப் பால்காரருக்குப் பேசுவாள். திரும்பி வரும்போது நான் பிறந்தே இருக்க மாட்டேன். பிறந்த தேதியை மட்டும் ஒன்பது முறை தட்டினேன்.

மூன்றாவதில்தான் வசதிகள் அதிகம். எழுத்தைப் பெரிதாக்கும், ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கும், படித்தும் காட்டும். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமம், மழைச் செய்தியாவது கேட்கட்டும் என்று எந்த இடத்தில் தொட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அவர் சரியான இடத்தில்தான் தொட்டார். நான்தான் பழைய பக்கத்தை மூட மறந்துவிட்டேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் ஏற்படும் பாதிப்புகள் ஆறு என்று ஆரம்பித்தது. போகிறவர்கள் நின்றார்கள்.

“இது யாரு பேசுறது?” என்றார் அப்பா.

“ஒங்க மக படிச்ச படிப்பு பேசுது. நல்லாக் கேட்டுக்கங்க” என்றாள் அம்மா.

நிறுத்தத் தெரியாமல் ஆறையும் கேட்டார். பிறகு போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் செம்பைத்தான் பார்க்கிறார். ஷாஹீதாவிடம் அழுதேன். அவள்தான், “பிரவுசரை மாத்தி மாத்திப் போடுறியே, அதுல கெடக்குற ஒங்க மாமா கணக்கை எடுத்தியாடி?” என்று கேட்டாள். எனக்கு அதுவரை அது தோன்றவேயில்லை.

ஆகவே மாமா, உங்கள் கணக்கை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இனி என்னால் உங்களுக்கு எந்தத் தலைகுனிவும் வராது. இனிமேல் எதையும் தேடவும் மாட்டேன். செல்வக்குமார் மச்சான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைக் கண்டால் அவரும் பாவம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார். பெரியவர்கள் சொன்னபடி பத்தாம் தேதி பரிசத்துக்கு உட்காருகிறேன். அத்தைக்கு என் வணக்கம். புதுக் கன்று பால் குடிக்க ஆரம்பித்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கோபம் ஆறியதும் ஒரு நேரம் வந்து சாப்பிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மருமகள்,
க. தமிழ்வாணி

பின்குறிப்பு: கடைசிப் பத்தியில் எழுதியவற்றில் மச்சானைப் பற்றியது மட்டும்தான் உண்மை. பரிசத்துக்கு என்னால் உட்கார முடியாது, மாமா. உங்கள் கணக்கையும் எடுக்கவில்லை. எடுக்கத்தான் பழைய பிரவுசரைத் திறந்தேன். அந்த வரிசையில் நான் தேடாதவை இருந்தன. என்னுடையது உங்களுக்கு வருவது போல உங்களுடையது எனக்கும் வரும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை போல. ‘நெஞ்சு வலி இடது கை மரத்துப் போகிறது.’ ‘நெஞ்சு வலி மாத்திரை இல்லாமல் சரியாகுமா.’ நேற்றுக் காலையில் வந்தது, ‘மாரடைப்பு வந்தவர் எத்தனை வருடம் இருப்பார்.’ தை மாதத்துக்குக் காத்திருக்க நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அத்தைக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் எழுந்ததும் அந்தப் பிரவுசரைத்தான் திறக்கிறேன். புதிதாக ஏதாவது வந்திருந்தால் மாமா எழுந்துவிட்டார் என்று அடுப்படிக்குப் போகிறேன். நீங்கள் பார்த்த பக்கங்களை எல்லாம் நானும் கடைசி வரைக்கும் படித்தேன். நீங்கள் பாதியில் மூடியிருப்பீர்கள். எல்லாவற்றிலும் கடைசியில் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறது. ஓசூரை இதற்கு ஈடாகக் கேட்கவில்லை. அதற்கு நீங்கள் முடியாது என்று சொன்னாலும் சொல்லுங்கள். சந்தைக்குப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை என்னோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மாமா.